பன்னிரண்டரைச் சுற்று

"அரையும் மூணும் ஆச்சுக்கா. இன்னும் ஒம்பது இருக்கு" என்று சபீனா சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் பேச்சித்தாயின் இரண்டு தொடைகளிலும் யாரோ நனைந்த சாக்கைச் சுற்றிவிட்ட மாதிரி ஆயிற்று. அதற்கு முந்தின அடி வரைக்கும் ஒன்றுமில்லை. மூச்சு அதன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வலது கையும் சபீனாவின் இடது கையும் சேர்ந்து, நடுவில் இரண்டு பேரும் பிடித்திருந்த ஒரு சாண் கயிறு தொய்யாமலும் விறைக்காமலும், இரண்டு பேருக்கும் ஒரே கைதான் என்பது போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பது என்ற சொல் காதில் விழுந்ததும்தான் இந்தச் சாக்கு. கால்களுக்குக் காது இருக்கிறது, அதுவும் ரொம்பக் கூர்மையான காது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலை ஆறே கால் மணி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மண் மைதானம், சுற்றுக்கு நானூறு மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று, அந்த அரைதான் முதலில், இருபத்தைந்து நிமிஷம். இருபத்தைந்துக்குள் முடித்தால் பெங்களூரு முகாமுக்குப் போகிற பட்டியலில் பேச்சித்தாயின் பெயர் ஏறும். ஒரு நொடி கூடினாலும் அடுத்த வருஷந்தான், அடுத்த வருஷம் அவளுக்கு இருபத்தெட்டு. "நான் இன்னைக்கு வாயே தொறக்க மாட்டேன், பாத்துக்க" என்று பயிற்சியாளர் அருளப்பன் சார் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். "ரவுண்டு எண்ணுதது சபீனா பொறுப்பு. முடிஞ்ச பொறவு நேரத்த மட்டும் சொல்லுவேன். பெரிய போட்டியில எவன் வந்து ஒனக்குக் கத்துவான்?" சரிதான், எவனும் கத்த மாட்டான். அவர் நிற்கிற இடம் அவளுக்குத் தெரியும், அவர் தடவியிருக்கிற தைலத்தின் வாசம் அங்கே காற்றில் கொஞ்சம் இருக்கும், அதைத் தாண்டினால் ஒரு சுற்று. பிறந்ததிலிருந்து ஒன்றும் தெரியாத கண்ணுக்கு மேலே கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும், போட்டி விதி அப்படி. முதல் தடவை அதைக் கட்டியபோது கனி விழுந்து விழுந்து சிரித்தாள். "இருட்டுக்கு எதுக்குட்டி கதவ வேற சாத்துதாவ?" என்றாள். கனி. வேண்டாம், இப்போது வேண்டாம், ஓடும்போது அந்தப் பெயரை எடுத்தால் மூச்சு தடுக்கும். ஒன்பது. சாக்கு. ஒன்பது.

ஆனால் எடுக்காமல் எப்படி? இந்த மைதானத்தின் ஒவ்வொரு அடியும் கனியின் குரலில்தான் அவளுக்குள் இறங்கியிருக்கிறது. முதல் வளைவில் மோட்டார் அறையின் உறுமல், எதிர்ப்பக்கம் பாஸ்கெட் பால் தரையில் விழுகிற தொம் தொம், இரண்டாவது வளைவில் ஒழுகுகிற குழாயும் ஈர மண் வாசமும். "ஏட்டி, அந்தப் பந்து தட்டுதவன் இன்னைக்கும் ஒன்னையத்தான் பாக்கான்" என்பாள் கனி. "என்னைய எதுக்குப் பாக்கான், ஒன்னையப் பாக்கானா இருக்கும்" என்பாள் இவள். "என்னையப் பாத்திருந்தா இந்நேரம் பந்து கைதவறிக் குழாயடிக்கு வந்திருக்குமே." இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் கால் பின்னும், அருளப்பன் சார் அங்கிருந்தே கத்துவார், கல்யாண வீட்டுக்கா போறீய என்று. முழுப்பெயர் ஜெபக்கனி. இந்த மைதானத்தில் ஓடச் சொல்லிக் கொடுக்க வந்தவள், ஒரே வயதுதான், நாலு வருஷம் அந்தக் கயிற்றின் மறுமுனையாக இருந்தாள். கனி 'இன்னும்' என்று சொன்னதே கிடையாது. முடிந்ததை மட்டும் சொல்லுவாள். "நாலு முடிஞ்சிருக்கு." "ஆறு முடிஞ்சிருக்கு." மிச்சத்தைப் பேச்சித்தாய் மனசுக்குள் கழித்துக்கொள்வாள், ஆறரை போனால் ஆறு, ஆறு ஓடணும், சரி, ஆறுக்கு வேண்டிய மூச்சை வைத்துக்கொள் என்று உடம்பே சொல்லும். அப்புறம், இன்னும் இரண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, தைல வாசத்தைத் தாண்டுகிற நேரம் பார்த்துக் கனி சொல்லுவாள், "இதான்ட்டி கடைசி." கடைசியா? அதுக்குள்ளயா? அந்த இடத்தில் கால்களுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரிதான். வலி இருந்த இடத்தில் வலி இல்லை, எங்கே போயிற்று அது, ஒரு நொடிக்கு முன்னால் வரைக்கும் இருந்ததே, விலா எலும்புக்குக் கீழே ஊசி மாதிரிக் குத்திக்கொண்டிருந்ததே. உடம்பு பொய் சொல்லியிருக்கிறது, அல்லது இப்போது பொய் சொல்கிறது. கனி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே பறப்பாள். "பையப் போட்டி, நான் என்ன ரயிலா?"

"அஞ்சு ஆச்சுக்கா. இன்னும் ஏழு." நன்றி சபீனா, கச்சிதமாகச் சொல்கிறாய். நல்ல பிள்ளை, மேலப்பாளையத்திலிருந்து ஐந்து மணிக்கே வாப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிடுகிறாள், கையில் கடிகாரம், வாயில் கணக்கு, ஒரு நாள் பிசகியதில்லை. ஒரே ஒரு நாள் பிசகினாள், போன வாரம். ஆறு ஆச்சுக்கா என்றவள் பத்து அடி தள்ளி, "ஐயோ, சாரிக்கா, அஞ்சுதான்" என்றாள். அந்த இடத்திலேயே பேச்சித்தாயின் முழங்கால்கள் இற்றுப்போயின. அதே கால்தான், அதே மண்தான், அதே நொடிதான், இடையில் நடந்தது ஒரு எண் மாறியது மட்டும். அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு அதையேதான் யோசித்தாள். களைப்பு காலில் இல்லை, அப்படியானால் எங்கே இருக்கிறது? இவ்வளவு நாளும் எங்கே இருந்தது? மோட்டார் அறை வந்துவிட்டது. உறுமல் இடது காதுக்குள் ஏறி வளைந்து இறங்குகிறது, இடது தோளைக் கொஞ்சம் சாய்க்கணும், சாய்த்தாள். பொய். அவளிடம் யார்தான் பொய் சொல்லவில்லை? ஊசி போடுகிற நர்ஸ், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்றாள். பஸ்ஸில் ஒவ்வொரு கண்டக்டரும், இந்தா வந்துட்டு, அடுத்ததுதான் என்பார்கள், அடுத்ததாக இராது. துணிக்கடையில் அம்மா, இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கு என்றாள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, பழைய சேலைய வெட்டித் தைச்சியளா என்று கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் பொருந்தலியாம் என்றார் அப்பா, அவர்கள் ஜாதகமே வாங்கிப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாப் பொய்யும் அவளை ஓர் இடத்தில் உட்கார வைக்கிறதுக்குச் சொன்ன பொய். கனி சொன்ன ஒன்றுதான் அவளை ஓட வைத்தது. அதைத்தான் அவள் எடுத்து, எல்லார் முன்னாலும், கல்லை எறிகிற மாதிரி எறிந்தாள்.

அது நடந்தது இரண்டு மாசத்துக்கு முந்தி, இதே குழாயடியில். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், அருளப்பன் சார் அவருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவள சும்மா ஓட வைக்க முடியாது சார். ஜெபக்கனி ஒரு டெக்னிக் வச்சிருக்கா. ஏழு முடிஞ்சா ஆறும்பா, எட்டு முடிஞ்சா ஏழும்பா. கடைசில ஒரு ரவுண்டு மிச்சம் விழும்லா, பிள்ள பறந்துரும். நாலு வருசமாத் தெரியாது சார் இவளுக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர் டம்ளர் அவள் கையில் இருந்தது, ஓரம் சொட்டை விழுந்த எவர்சில்வர் டம்ளர், அதன் விளிம்பு உதட்டில் எப்படி இருந்தது என்பது வரைக்கும் இப்போதும் இருக்கிறது. சிரிப்பில் எது அதிகாரியின் சிரிப்பு, எது பாஸ்கெட் பால் பையன்களின் சிரிப்பு என்று தனித்தனியாகக் கேட்டது. கனியின் சிரிப்பு அதில் இல்லை. அதையாவது அவள் அப்போது கவனித்திருக்கலாம். "பெத்தவங்கள்ல இருந்து எல்லாரும் ஏமாத்தியாச்சு. நீ ஒருத்திதான் மிச்சம் இருந்த" என்றாள் பேச்சித்தாய். "குருடிய ஏமாத்துதது லேசுன்னு நெனச்சிட்டேல்லா?" அந்தச் சொல்லை அவளாக ஒருநாளும் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை, கனியைக் குத்துவதற்கு வேறு கூர்மையாக ஒன்றும் அகப்படவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கனி கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ரொம்ப மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டாள். "ஏட்டி, நீ எண்ணலயா?" இவள் சொன்னாள், "இல்ல." அவ்வளவுதான். பத்து நாள் கழித்துக் கனி ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராகப் போய்விட்டாள். வேலை உத்தரவு வந்து மூன்று மாசமாகப் பெட்டிக்குள் கிடந்ததாம், அருளப்பன் சார் சொல்லித்தான் தெரியும். எதற்காகக் கிடந்தது என்று அவர் சொல்லவில்லை.

நீ எண்ணலயா. ஏழு ஆச்சுக்கா, இன்னும் அஞ்சு. நீ எண்ணலயா. ஆஸ்பத்திரியில் அவள் போன் எடுக்கிற வேலை பார்க்கிறாள், ஒரு தடவை கேட்ட நம்பர் மறக்காது, நூற்றி நாற்பது அறைகளின் எண் விரல் நுனியில் இருக்கிறது. மாடிப்படி பதினேழு, வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு அடி, சோற்றுக்கு அரிசி போடும்போதுகூடக் கை எண்ணும். எண்ணாமல் ஒரு நாளைக் கழித்தது உண்டா அவள்? குழாயடி ஒன்று, மோட்டார் அறை இரண்டு, குழாயடி மூன்று, மோட்டார் அறை நாலு. இந்த மைதானத்தில் வளைவு தெரியாமல் யாராவது ஓட முடியுமா, இடது தோள் தானாகச் சாய்கிறதே. பதினைந்தாவது வளைவு முடிந்து கனி "ஆறு முடிஞ்சிருக்கு" என்று சொல்லும்போது, உள்ளே எங்கேயோ ஒருத்தி, இல்ல, ஏழு, என்று சொல்லத்தான் செய்தாள். அவளை, சும்மா கெட என்று அதட்டி உட்கார வைத்தது யார்? அப்படியானால் இவளும் சேர்ந்துதான். நாலு வருஷமாக இரண்டு பேரும் ஒரு பொய்யை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் இவள் தன் பக்கத்தை விட்டுவிட்டாள். குழாயடி ஈர மண் காலுக்கு அடியில் கொழகொழவென்று போயிற்று. அழுகை வருகிறதா என்ன, ஓடும்போது அழுதால் மூச்சு இரண்டாக வெட்டும், வேண்டாம். எண்ணினேன்ட்டி. எண்ணினேன். இதை யாரிடம் சொல்வது, ஓசூரில் இந்நேரம் அவள் எந்தப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கிறாளோ. அங்கே குளிராமே. மஃப்ளர் கட்டியிருப்பாளா, கட்ட மாட்டாள், சொன்னால் கேட்கிற ஆளா? அவளுடைய கையில் சின்னவெங்காய வாசம் இருக்கும், காலையில் வீட்டில் சாம்பாருக்கு உரித்து வைத்துவிட்டு வருவாள், அந்த வாசத்துக்காக இவள் இந்த இரண்டு மாசமும் காய்கறிக் கடையில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றிருக்கிறாள். இதை எந்தப் பெயரில் சொல்வது?

அப்போதுதான் கயிறு பின்னால் இழுத்தது. லேசாக, ஒரு பிடி. இவள் கை முன்னால் போகும்போது சபீனாவின் கை அரை நொடி தாமதித்து வருகிறது. பேச்சித்தாய் தன் நினைப்பிலிருந்து கைக்கு வந்தாள். சபீனாவின் மூச்சில் ஒரு விசில் சத்தம் ஏறியிருந்தது. அவள் நானூறு மீட்டர் ஓடுகிறவள், ஒரு நிமிஷத்துச் சிறுத்தை, ஐயாயிரத்தை இந்த வேகத்தில் அவள் முழுசாக ஓடினது கிடையாது. இத்தனை நாளும் பயிற்சியில் ஏழெட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். "எட்டு... ஆச்சுக்கா" என்றாள் சபீனா. "இன்னும்..." அந்த இன்னும் என்ற சொல்லிலேயே அவள் குரல் இறங்கியது, "இன்னும் நாலு." நாலு என்று அவள் வாயால் அவளே சொல்ல, அது அவள் காலுக்கே கேட்டுவிட்டது. பேச்சித்தாய்க்கு அது தெரிந்தது, கயிற்றில் தெரிந்தது, நனைந்த சாக்கு இப்போது அந்தப் பக்கம். கூட ஓடுகிறவள் விழுந்தால் இவளும் நின்றாக வேண்டும், முகாம் போயிற்று, எல்லாம் போயிற்று. "முடியலியாட்டி?" "இல்லக்கா... ஒண்ணுமில்லக்கா... நாலு... முடியுமான்னு..." யோசிக்கவேயில்லை பேச்சித்தாய், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நாலு எங்க இருக்கு? மூணுதான். ஒம்பது முடிஞ்சாச்சு, நீ ஒண்ண விட்டுட்ட." "இல்லக்கா, நான் விரல் மடக்கி..." "நான் வளைவ எண்ணிட்டு வாறேன். எனக்குக் கண்ணு இல்ல, வேற என்ன வேல? பத்தொம்பது வளைவு. ஒன் விரல நம்புவியா, என் காத நம்புவியா?" நாலு அடி கழித்துச் சபீனா, "அப்ப மூணுதானாக்கா?" அந்தக் கேள்விக்குள் எவ்வளவு ஆசை இருந்தது. "மூணேதான்." கயிறு மறுபடியும் தொய்யாமல் விறைக்காமல் வந்து நின்றது. விசில் சத்தம் குறைந்தது. பந்தடிக்கிற பையன்களைத் தாண்டும்போது சபீனா ஒரு செருமல் செருமி, காறித் துப்பிவிட்டு, "வாங்கக்கா" என்றாள், இவளை அவள் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

ஒரு சொல்தானே சொன்னாள். அது ஒரு சாண் கயிறு வழியாகப் போய் ஒரு பெண்ணின் உடம்பு முழுக்க ஓடியதை அவளுடைய மணிக்கட்டு உணர்ந்தது. இதைத்தான் கனி நாலு வருஷம் தினமும் உணர்ந்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்தபோது முதலில் குதூகலமாக இருந்தது, அடுத்த அடியில் சட்டென்று தனியாகிவிட்டாள். ஏனென்றால் சபீனா இப்போது மூன்று சுற்று ஓடுகிறாள், பேச்சித்தாய் நாலு ஓடுகிறாள், ஒரே கயிற்றில், ஒரே வேகத்தில். அந்த ஒரு சுற்றை அவள் மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். பக்கத்தில் மூச்சு கேட்கிறது, தோள் உரசுகிறது, ஆனாலும் அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. உண்மையான எண் தெரிந்தவளுக்குக் களைப்பைக் குறைத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கனிக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கும் விலாவில் குத்தியிருக்குமே. அவளும் கால்தானே வைத்து ஓடினாள், பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும், இவள் மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டும். ஒருநாள்கூட "எனக்கு முடியலட்டி" என்று சொன்னதில்லையே. இவளும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பத்து ஆச்சுக்கா, இன்னும் ரெண்டு, என்றாள் சபீனா, உற்சாகமாக. ஒன்பதுதான் என்று இவளுக்குள் ஒருத்தி சொன்னாள், இன்னும் மூணு. கால் கனத்தது, பரவாயில்லை, கனக்கட்டும். பதினொண்ணு ஆச்சுக்கா, இன்னும் ஒண்ணேதான்! பத்து. ரெண்டு. தைல வாசம் கடந்துபோனது. அருளப்பன் சார் சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்கவில்லை. மோட்டார் அறையில்தான் அவளுக்கு அது உறைத்தது. கனி முடிந்ததைக் குறைத்துச் சொன்னாள், அதனால் கடைசியில் ஒரு சுற்று மிச்சமாக விழுந்தது, பரிசு மாதிரி. இவள் மிச்சத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். இவளுடைய பொய்யில் கடைசியில் ஒரு சுற்று கூடுதலாக வந்து நிற்கப் போகிறது. எப்படிச் சொல்வது இதை? இப்பவே சொல்லிவிடலாமா? குழாயடியில் சொல்லலாம். இல்லை, இந்த நேராக வருகிற இடத்தில். சபீனா வேகம் எடுத்துவிட்டாள், கடைசிச் சுற்றுக்கு என்று வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துக் கொட்டுகிறாள். கன்றுக்குட்டி. இந்த ஓட்டத்தை எப்படி நிறுத்துவது? சொல்லு, பேச்சி, சொல்லு. வாய் திறந்தால் மூச்சுதான் வருகிறது.

"முடிஞ்சுட்டுக்கா!" சபீனா கத்தினாள். "இருபத்திரண்டு அம்பத்தாறு! ரெண்டு நிமிஷம் முந்தியேக்கா!" கயிறு தொய்ந்தது, அவள் கையைத் தூக்கியிருக்க வேண்டும், பேச்சித்தாயின் கையும் கூடவே மேலே போயிற்று. கால்கள் நடைக்கு வந்துவிட்டன. "நிக்காதட்டி. நிக்காத, ஒண்ணு இருக்கு." "என்னக்கா?" "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு. நீ எண்ணினதுதான் சரி. நான் பொய் சொன்னேன்." ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடி போவது மைதானம் முழுக்கக் கேட்டது. "ஏன்க்கா?" என்றாள் சபீனா. "ஏன் அப்படிச் சொன்னிய? நான் சரியாத்தான எண்ணுனேன்? என்னைய முட்டாப் பிள்ளன்னு நெனச்சியளா?" பேச்சித்தாய்க்கு அந்தக் குரல் தெரியும், குழாயடியில் டம்ளரும் கையுமாக நின்றவளின் குரல். பதில் சொல்ல நேரமில்லை. "ஓடிட்டே திட்டு, வா." நாலு, ஐந்து, ஆறு. கயிறு வெடுக்கென்று முன்னால் இழுத்தது. சபீனா ஓடினாள், பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசித் துளியையும் கொட்டித் தீர்த்தவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்து காலாக நின்றது. பேச்சித்தாய் இழுபட்டுப் போனாள். மோட்டார் அறை. நீ ஓடு பிள்ள, என்னைய இழுத்துட்டு ஓடு, வய்யி, எவ்வளவு வேணும்னாலும் வய்யி. அன்றைக்குக் கனியை இவள் வைதுவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டாள், சபீனா கயிற்றை விடவில்லை, அந்த ஒன்றுக்காகவே இந்தப் பிள்ளையின் காலில் விழலாம். பந்துச் சத்தம் நின்றிருந்தது, பையன்கள் பார்க்கிறார்கள் போல. குழாயடி. விலா எலும்பு, ஊசி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இருட்டுக்குள் சிவப்பாக ஏதோ வந்து வந்து போயிற்று, அவளுக்குத் தெரிந்த ஒரே நிறம், அது சிவப்புதான் என்று கனி சொல்லித்தான் தெரியும். தைலம். விசில்.

"இருபத்தஞ்சு, நாலு செகண்டு" என்றார் அருளப்பன் சார். "எதுக்கும்மா நடுவுல நின்னிய? நல்லாத்தான வந்துட்டு இருந்திய?" சபீனா தரையில் உட்கார்ந்து அழுதாள். "எங்கிட்ட எதுக்குக்கா சொன்னிய. நான் செத்தாவது நாலு ஓடிருப்பேன்லா." "ஓடிருப்பட்டி. எனக்குத்தான் அது தெரியல" என்று பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தேடித் தடவினாள். சபீனா தலையை இழுத்துக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. கண் துணி நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அடுத்த வருஷம், இருபத்தெட்டு. அது நெஞ்சில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அங்கே வேறொன்று முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ஒன் போனக் கொஞ்சம் தாட்டி" என்றாள். பத்து எண்ணையும் விரல் தானாக அமுக்கிற்று. இரண்டு மாசமாக அமுக்கி அமுக்கிக் கடைசி எண்ணில் நின்ற விரல். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், கன்னடமும் தெலுங்கும் தமிழுமாக. இவளுடைய மூச்சு மட்டும் போயிற்று. யார் என்று அந்தப் பக்கம் கேட்கவேயில்லை.

"எத்தன ஓடுன?" என்றாள் கனி. "பன்னெண்டரை." "நேரம்?" "இருபத்தஞ்சு, நாலு செகண்டு." ஒரு 'ச்சு' கேட்டது. "யாரு கூட?" "சபீனான்னு ஒரு பிள்ள. நானூறு ஓடுதவ." "நானூறு ஓடுதவளக் கொண்டு ஐயாயிரத்துல கட்டிவிட்டாராக்கும் அந்த மனுசன்? அவரக் கட்டி ஓட விடணும்." பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்து பாதியில் இருமலாயிற்று. "கனி, நான் அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். ரவுண்டு கணக்குல." அந்தப் பக்கம் இரைச்சல் தள்ளிப் போயிற்று, நடந்து ஒதுங்கியிருப்பாள். "எந்தப் பக்கமாச் சொன்ன? கூட்டியா, கொறச்சா?" "மிச்சத்தக் கொறச்சு." "கூறுகெட்ட கழுத" என்றாள் கனி, அந்தச் சொல்லைக் கேட்டு இரண்டு மாசமாயிற்று. "மிச்சத்தக் கூட்டிச் சொல்லணும்டி. தீந்துட்டுன்னு நின்னிருப்பாளே." "நின்னா." "அங்கன போயிருக்கு ஒன் நாலு செகண்டு." சபீனா அழுகையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் சொன்னாள், "அன்னைக்கு நீ கேட்டியே. எண்ணினேன்ட்டி. எல்லா நாளும் எண்ணினேன்." "தெரியும்" என்றாள் கனி. "எப்படித் தெரியும்?" "ஒவ்வொரு வளைவுக்கும் ஒன் சுண்டுவிரல் ஒருதரம் மடங்கும். கயித்துல எனக்குத் தெரியும்லா. இவளுக்கு எல்லாம் தெரியுது, தெரிஞ்சேதான் எங்கூட ஓடுதான்னு நெனச்சுக்கிடுவேன். அன்னைக்கு நீ இல்லன்னு சொன்னேல்லா, அதுதான்ட்டி குத்திச்சு. நீ வஞ்சது ஒண்ணும் இல்ல." பேச்சித்தாய் தன் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் அதன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, ஒருநாளும் அவள் அதைக் கவனித்ததில்லை. "வருவியா?" என்றாள். கேட்டபிறகுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது. ஓசூருக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ், அதற்கு மேலும் கொஞ்சம் பகல், ஒரு வேலை, நூறு பிள்ளைகள். "வாறேன். அவளையும் இருக்கச் சொல்லு, எண்ணப் படிச்சுக் குடுக்கேன்" என்றாள் கனி. "என்ன பெரிய தூரம், பக்கந்தான."

"ஆமா" என்றாள் பேச்சித்தாய். "பக்கந்தான்."